ஈரம் குடித்த காகிதம்

“ரெண்டு பேரு பாடுறாங்களே, மத்தவன் யாரு தம்பி?”

தப்புக்காரத் தாத்தா இப்படிக் கேட்டதும் நாங்கள் நான்கு பேரும் கையை நிறுத்திவிட்டோம். 2003 ஜூன் மாதம், மாலை ஐந்து மணி இருக்கும். பிள்ளைமடுவத்துப் பிள்ளைகளைத் தாய்மார் கூட்டிக்கொண்டு போன பிறகு ஆயாம்மாவிடம் சாவியை வாங்கி அங்கேதான் பாட்டுப் பழகுவோம். ஆடித் திருவிழாவுக்கு வெளியூர்க் கோஷ்டியைக் கூப்பிடாமல் தோட்டத்துப் பிள்ளைகளையே மேடை ஏற்றலாம் என்று கோயில் கமிட்டி அந்த வருடம்தான் முதல் தடவையாக ஒத்துக்கொண்டிருந்தது. தாத்தா மழைக்கு ஒதுங்கி வாசல் தாழ்வாரத்தில் நின்றிருந்தார். எங்களில் பாடுகிறவன் அன்று வரவே இல்லை. அவர் கேட்டது என் கிட்டாரைப் பற்றி.

மூன்று வாரமாக நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் அது. ஒரு சுரத்தை மீட்டி நிற்கவிட்டால் அதன் அடியில் இன்னொரு சத்தம் முனகும். தந்தியை வளைத்து மேலே ஏற்றினால் அதுவும் கூடவே வரும். ஆனால் சுருதி சேராமல், இருட்டில் பின்னால் நடந்து வருகிறவன் மாதிரி வரும். கூட வாசிக்கிறவர்களுக்கு ட்ரம் சத்தத்தில் அது கேட்கவில்லை. தாத்தா கேட்டதற்குப் பிறகு ஓர் இரவு தனியாக வாசித்துக் காட்டியபோது பேய்ச் சத்தம் என்று பயந்தார்கள். ஆங்கிலத்திலும் அதற்குக் கோஸ்ட் நோட் என்றுதான் பெயர் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத் தெரிய வந்தது. மழை தகரத்தில் அடிக்க, ட்ரம் முழங்க, வாசலுக்கு வெளியே நின்றபடி அதைப் பிரித்துக் கேட்டவர் தாத்தா ஒருவர்தான்.

எங்கள் தோட்டம் யட்டியாந்தோட்டைக்கு மேலே. கீழ்ப் பாதி ரப்பர், மேல் பாதி தேயிலை. மலையகம் என்றதும் நுவரெலியாவின் குளிரும் வெட்டிவிட்ட பச்சைச் சரிவும்தான் எல்லோருக்கும் கண்ணில் நிற்கும். கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் புழுக்கம், அட்டை, மழை. இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. எங்கள் பக்கமும் அதற்கு இளைத்ததில்லை. அரிசி மூட்டை பூஞ்சணம் பிடிக்கும், பாடப் புத்தகம் பூஞ்சணம் பிடிக்கும், கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளையின் முகம் பூஞ்சணம் பிடிக்கும். அந்த வருடம் மே 17ஆம் திகதி இரத்தினபுரியை மூழ்கடித்த வெள்ளமும் மண்சரிவும் நாடே அறிந்தவை. அதே மழை எங்கள் லயத்துக் கூரையிலும் ஓட்டை போட்டது. இரண்டு நாள் ஒழுகிய தண்ணீர் கட்டிலுக்கு அடியில் தேங்கியது. கட்டிலுக்கு அடியில்தான் மாமாவின் அம்ப் இருந்தது.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். காவத்தைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கிளாக்கர் வேலை பார்த்தபடி இரத்தினபுரி டவுனில் ஓர் இசைக்குழுவில் கிட்டார் வாசித்தவர். அந்தக் காலத்து இரத்தினபுரியில் கிட்டார் பிடிப்பது தனிப் பெருமை. சிங்களப் பாட்டுக்குள் மின்கிட்டாரைக் கொண்டுவந்த கிளாரன்ஸ் விஜேவர்தனவோடு மூன்ஸ்டோன்ஸ் குழுவில் பாடிய அன்னஸ்லி மாலவன இரத்தினபுரிக்காரர். தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப் பாட்டை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். வாசிக்கப் பாட்டு இருந்தது. வாங்கத்தான் அம்ப் இல்லை. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதி அடைபட்டுக் கிடந்ததால், டவுனில் இருந்த ஒரு ரேடியோ மெக்கானிக் கையால் ட்ரான்ஸ்ஃபோமர் சுற்றி, பலாப் பலகையில் பெட்டி அடித்து, இரண்டு ஈஎல் 84 வால்வு போட்டு மாமாவுக்கு ஒன்று செய்து கொடுத்தார். 15 வொட் இருக்கும். உள்ளே 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. அதன் லேபல் எப்போதோ உரிந்துபோயிருந்தது.

1981 ஓகஸ்ட்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கத்துத் தமிழர்கள் அடிபட்டார்கள், லயங்கள் எரிந்தன. மாமா தப்பி எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு கையில் பிள்ளை, மறு கையில் சாக்கில் சுற்றிய இந்தப் பெட்டி என்று அம்மா சொல்லுவார். அடுத்த வருடம் அவர் குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் இறங்கி, நீலகிரியில் கூடலூருக்குப் போய்ச் சேர்ந்தார். பெட்டி எங்களோடு நின்றுவிட்டது. பதினேழு வருடம் அதன்மேல் துணி மடித்து வைத்தோம். நான் கிட்டார் பழகத் தொடங்கியபோதுதான் அதைத் திறந்தோம். வால்வு சூடாகி ஆரஞ்சு நிறம் காட்டியதும் அம்மா அழுதார்.

இதையெல்லாம் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்பீக்கரை மாற்று என்று இன்று ஒருவர் என்னிடம் சொன்னால் மாற்றிவிடுவேன். அன்று அந்தப் பெட்டியில் ஓர் ஆணியைக் கழற்றக்கூட எனக்குக் கை வரவில்லை.

முதலில் கிட்டாரைத்தான் சந்தேகப்பட்டேன். தந்தி மாற்றினேன். பிக்கப்பை இறக்கினேன், காந்தம் தந்திக்கு மிகக் கிட்ட இருந்தால் அதிர்வை இழுத்துக் கெடுக்கும். பெட்டியில் ஆடுகிற ஆணி எல்லாவற்றையும் இறுக்கினேன். சத்தம் போகவில்லை. பஸ் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனேன்.

கடைத்தெருக் கோடியில் ரேடியோ திருத்துகிற ஒரு சிங்களப் பெரியவர் இருந்தார். எல்லோரும் அவரைப் பாஸ் என்றே கூப்பிடுவோம். தமிழ் பேசுவார், நடுநடுவே சிங்களத்தில் முடிப்பார். பெட்டியின் முதுகைத் திறந்ததும் முதல் வேலையாக என் கையைத் தட்டிவிட்டார். “வயர் கழட்டினாலும் உள்ளே கரண்ட் உசிரோட இருக்கு மல்லி.” ஒரு ரெசிஸ்டரை வயரில் கட்டி, பெரிய கப்பாசிட்டர்களின் முனையில் வைத்து, மீட்டரில் முள் பூச்சியத்துக்கு இறங்கும்வரை காத்திருந்தார். இடது கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே வலது கையால் வேலை செய்வார். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரத்துக்கு நெஞ்சு வழியாகப் பாதை கிடைத்துவிடும் என்றார். அந்தப் பழக்கம் இன்றுவரை என்னிடம் இருக்கிறது.

என்னை வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார். கீழ்ச் சுரம், மேல் சுரம், மெதுவாக, பலமாக. பிறகு சொன்னார்: “லெட தெகக் தியெனவா.” இரண்டு வியாதி.

முதல் வியாதி கப்பாசிட்டர். வீட்டுக்கு வரும் கரண்ட் விநாடிக்கு 50 தடவை திசை மாறுகிறது. அதை ஒரே பக்கமாகத் திருப்பும்போது விநாடிக்கு 100 மேடுபள்ளம் விழும். அந்த மேடுபள்ளத்தை நிரவுவதற்குத்தான் பெரிய கப்பாசிட்டர்கள். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆனதில் உள்ளே காய்ந்துபோய் அவற்றால் நிரவ முடியவில்லை. முதல் தந்தியில் ஐந்தாம் கட்டத்தை அழுத்தினால் விநாடிக்கு 440 அதிர்வு. அதோடு இந்த 100 கலந்து, கூட்டினால் 540, கழித்தால் 340 என்று இரண்டு குட்டிகள் பிறக்கும். கிட்டாரில் எந்தக் கட்டத்தில் விரல் வைத்தாலும் அந்த இரண்டும் கிடைக்காது. இரண்டுமே இரு கட்டங்களுக்கு நடுவே விழுகின்றன. தந்தியை வளைத்து 440ஐ 460 ஆக்கினால் அவையும் 560, 360 என்று அதே 100ஐ விடாமல் கூடவே நகரும். இருட்டில் பின்னால் நடந்து வருகிறவன் இவன்தான்.

பாஸ் மூன்று கப்பாசிட்டர் மாற்றினார். 450 வோல்ட் தாங்குகிறவை. பெட்டியின் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. பின்னால் வந்தவன் போய்விட்டான். ஆனால் முதல் தந்தியின் பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் கட்டங்களில் முனகல் அப்படியே நின்றது. மற்ற எங்கும் இல்லை. அந்த மூன்று இடத்தில் மட்டும்.

பாஸ் மேசைக்கடியில் கிடந்த ஒரு பழைய ரேடியோகிராம் ஸ்பீக்கரை இழுத்து, அம்ப்பை நிறுத்தி, வயரை அதற்கு மாற்றினார். வால்வு அம்ப்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓடவிடக் கூடாது என்பது அவர் அன்று சொன்ன இரண்டாவது பாடம். போகும் வழி அடைபட்ட மின்சாரம் ட்ரான்ஸ்ஃபோமருக்குள்ளேயே பொறி பறக்க உடைத்துக்கொள்ளும். ரேடியோகிராம் ஸ்பீக்கரில் அதே மூன்று கட்டத்தை வாசித்தேன். சத்தம் தகர டப்பா மாதிரி இருந்தது, ஆனால் சுத்தம். பழையதை மாட்டினார். முனகல் வந்தது. கழற்றினார். போனது. மூன்று தடவை மாற்றி மாற்றிக் காட்டினார், எனக்குச் சந்தேகம் மிஞ்சக் கூடாது என்று.

“இது வேற வாங்கணும் மல்லி.”

நான் பேசாமல் நின்றதைப் பார்த்துவிட்டு ஒரு கடைசி வழியும் செய்து பார்த்தார். ஸ்பீக்கரைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி மாட்டினார். வருடக்கணக்காக ஒரே பக்கமாக நின்ற காகிதக் கூம்பு தன் பாரத்திலேயே கொஞ்சம் தொய்ந்திருக்கும். திருப்பினால் சிலவேளை நிமிரும். இரண்டு நாள் நிமிர்ந்தது. மூன்றாம் நாள் மழை வந்தது.

அந்த நாட்களில் நான் செய்த காரியங்களில் பாதி தாத்தா சொன்னவை. பிள்ளைமடுவத்து வாசலில் நின்று கேட்ட அன்றே, பெட்டியின் திறந்த முதுகு வழியாக விரலை நீட்டிக் கூம்பின் விளிம்பைத் தொட்டுப் பார்த்திருந்தார். “தோலு ஈரம் குடிச்சிருக்கு” என்றார். காகிதம் என்று நான் சொன்னேன். “எல்லாம் தோலுதான் தம்பி” என்றார்.

தப்பைத் தீயில் காய்ச்சுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வந்திருக்கிறேன். சருகும் காய்ந்த ஓலையும் கூட்டிக் கொளுத்தி, வளையத்தைத் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். நடு நடுவே சுண்டிக் கேட்பார்கள். தொய்ந்த தோல் ‘பொத்’ என்று சொல்லும். காயக் காய அது ‘டண்’ என்று ஏறும். எப்போது நிறுத்த வேண்டும் என்பதில்தான் வித்தை. ஒரு நிமிடம் கூடினால் தோல் வெடிக்கும். சாவு வீட்டில், காமன் கூத்தில், திருவிழாவில், மழை பெய்து ஓய்ந்த நடுச்சாமத்தில், தாத்தா அந்த இடத்தைக் காதால் பிடித்து நிறுத்துவார். எனக்குத் தெரிந்து தோட்டத்தில் அவரைச் சங்கீதம் தெரிந்தவர் என்று யாரும் சொன்னதில்லை. அவரைவிட வயதில் சின்னவர்கள்கூட வா, போ என்றுதான் கூப்பிட்டார்கள். நான் தாத்தா என்றேன். ஆனாலும் அன்று மழையில் நின்றவரை உள்ளே வந்து உட்காருங்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

ஸ்பீக்கரைத் தீயில் காட்ட முடியாது. கொயிலைக் கூம்போடு ஒட்டிய பசை இளகிவிடும். அடுப்படியில் சுவரோரமாக, கை வைத்தால் வெதுவெதுப்பு மட்டும் படுகிற தூரத்தில் இரண்டு இரவு வைத்தேன். முனகல் பாதி அடங்கியது. அந்த இரண்டு இரவும் அம்மா பெட்டிக்குக் காவல் மாதிரிப் பக்கத்திலேயே படுத்திருந்தார். அடுத்த மழைக்கு மறுபடி பழைய கதை.

பிறகு ரப்பர் பால். எங்களில் ட்ரம் அடிக்கிறவன் பால் வெட்டுக்குப் போகிறவன். விளிம்பு தளர்ந்துவிட்டது என்றால் அதற்கு ரப்பர் தடவலாமே என்று அவன் சொன்னது எனக்கு ஞாயமாகத்தான் பட்டது. காலையில் மரத்தடிச் சிரட்டையிலிருந்து கொஞ்சம் பால் கொண்டுவந்தான். அமோனியா சேர்க்காத பால் சில மணி நேரத்தில் தானாகவே திரைந்துவிடும். அதற்குள் தண்ணீர் விட்டு இளக்கி, கோழி இறகால் விளிம்பைச் சுற்றித் தடவினோம். பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மிச்சம் தண்ணீர். காய்ந்ததும் மெல்லிய தோலாக நின்றது. வாசித்தேன். பத்தாம் கட்டமும் பதினொன்றும் சுத்தமாகிவிட்டன. துள்ளிக் குதித்தோம். பன்னிரண்டு மட்டும் மிச்சம் என்று இன்னொரு பூச்சுப் பூசினோம். அதில்தான் போனது. பாரம் ஏறிய கூம்பு மந்தமாகி, மேல் சுரமெல்லாம் போர்வைக்குள் இருந்து வருவது மாதிரி வந்தது. பன்னிரண்டாம் கட்டத்து முனகல் அதற்குள்ளும் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது விளிம்புக்குச் சற்று உள்ளே, நகத்தால் கீறியது மாதிரி ஒரு மடிப்பு தெரிந்தது. காகிதம் அந்த இடத்தில் உடைந்திருந்தது.

அது ஏன் அந்த மூன்று கட்டத்தில் மட்டும் முனகியது என்பது எனக்குப் பல வருடம் கழித்து வாசித்துத்தான் புரிந்தது. ஒரு காகிதத் துண்டை நிமிர்த்திப் பிடித்து மேலிருந்து அமுக்கிப் பாருங்கள். அது நேராக இறங்காது. ஒரு பக்கம் வளையும். விட்டு அமுக்கினால் அடுத்த தடவை மறு பக்கம் வளையும். இரண்டு அமுக்கலுக்கு ஒரு முழு ஆட்டம். ஸ்பீக்கரின் கூம்பை நடுவில் இருக்கும் கொயில் இப்படித்தான் தள்ளுகிறது. தளர்ந்த காகிதம் தனக்குப் பிடித்த ஒரு வேகம் வந்ததும் தள்ளுகிற வேகத்தில் பாதியில் ஆடத் தொடங்கிவிடும். முதல் தந்தியின் பன்னிரண்டாம் கட்டம் 659 அதிர்வு. அதன் அடியில் 330 முனகும். உடைந்த விளிம்பு அதற்கு மேலும் தன் இஷ்டத்துக்கு நடுங்கும். அது எந்தச் சுரத்தோடும் சேராது.

இழுத்துக் கட்டிய ஒரு நூலின் நுனியில் இசைக்கவையைப் பொருத்தி, கவையின் பாதி வேகத்தில் நூல் ஆடுவதை ஜெர்மனியில் மெல்டே 1859இல் காட்டினார். ஸ்பீக்கரில் அது நடப்பதை டென்மார்க்கின் பி. ஓ. பெடர்சன் 1935இல் எழுதினார். இடையில் ஒரு நம்மவர் இருக்கிறார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன், கல்கத்தாவில் கணக்குத் துறை உத்தியோகம் பார்த்தபடி வேலை முடிந்த நேரத்தில் ஆய்வுகூடத்துக்குப் போய் மெல்டேயின் சோதனையைத்தான் விரித்துக்கொண்டு போனார். செல்லோ வாத்தியத்தில் ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் எழும் ஓநாய்ச் சுரத்தைப் பற்றி 1916இல் எழுதினார். 1920இல் அவரும் குமார் என்ற இன்னொரு ஆய்வாளரும் சேர்ந்து, மிருதங்கத் தோலில் அப்பும் கரணை தன் பாரத்தால் சிதறிய அதிர்வுகளைச் சுருதிக்குக் கட்டுகிறது என்று காட்டினார்கள். இதை வாசித்தபோது எனக்குக் கோழி இறகும் ரப்பர் பாலும்தான் நினைவுக்கு வந்தன. செய்த வைத்தியம் தப்பில்லை. உடைந்த காகிதத்துக்குச் செய்ததுதான் தப்பு.

வேறு ஸ்பீக்கர் வாங்கக் கொழும்புக்குப் போவது என்று முடிவானது. அம்மா சீட்டுப் பணத்தை முன்னதாகவே எடுத்துத் தந்தார். போகிற அன்று பாஸ் ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் குறித்துக் கொடுத்தார்: 12 அங்குலம், 8 ஓம், 30 வொட்டுக்குக் குறையக் கூடாது. அம்ப் 15 வொட்தானே என்றேன். முழுக்க முறுக்கிவிட்டு நீ கத்தவைக்கும்போது அது எழுதிய 15இல் நிற்காது என்றார். அதற்கப்புறம் அட்டையில் எழுதாதவை. கூம்பில் வட்ட வட்டமாக வரி இருந்தால் நல்லது. மடிப்பு அலை அந்த வரியில் தடுக்கி நிற்கும். விளிம்பில் கறுப்பாக, தொட்டால் ஒட்டுகிற மாதிரிப் பசை பூசியிருக்க வேண்டும். காயாத பசைதான் அதிர்வைத் தின்னும். பெரிய காந்தத்தைப் பார்த்து மயங்காதே. டெசிபல் எழுதியிருந்தால் பார். 3 கூடினால் அம்ப்பின் வொட் இரட்டித்த மாதிரி. தன் மல்ட்டி மீட்டரையும் ஒரு டோர்ச் பட்டரியையும் என் பைக்குள் போட்டார்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் காலையிலிருந்து ஏறி இறங்கினேன். தோளில் கிட்டார். முதல் கடைக்காரர் காட்டியது மேடைக் கூட்டத்துக்குப் போடுகிற 100 வொட் ஸ்பீக்கர். புதுசு, பளபளப்பு, என் கைக்காசுக்கு அடக்கம். வாசித்துப் பார்த்தேன். முனகல் துளியும் இல்லை. ஆனால் பேச்சுக்கும் பாட்டுக்கும் செய்த ஸ்பீக்கர் மேல் சத்தம் முழுவதையும் மறைக்காமல் காட்டும். கிட்டார் அதில் தகரத்தை ரம்பம் அறுப்பது மாதிரிக் கேட்டது. கிட்டார் ஸ்பீக்கரின் காகிதம் மெல்லியது. சுமார் 5,000 அதிர்வுக்கு மேல் அது தானாகவே கைவிட்டுவிடும். அந்தக் கைவிடலில்தான் கிட்டாரின் இனிமை இருக்கிறது. காகிதம் கொஞ்சம் நெளிய வேண்டும், முனகும் அளவுக்கு நெளியக் கூடாது. நான் தேடிவந்தது அந்த நடு இடம் என்பது அந்தக் கடையில் நின்றபோதுதான் எனக்கே விளங்கியது. தாத்தா தப்பைத் தீயிலிருந்து எடுக்கிற இடம் அது.

இரண்டாவது, பழைய பொருள் விற்கிற கடையில், பச்சை மூடி போட்ட செலஸ்டியன். பீட்டில்ஸ் காலத்துக்குப் பிறகு வந்த ரொக் பாட்டில் பாதி இங்கிலாந்தின் அந்தக் கம்பனி ஸ்பீக்கர்களில் ஊறியது என்று மாமா கடிதத்தில் எழுதியிருந்தார். கை நடுங்கியது. மீட்டரை வைத்தேன். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6, 7 என்று காட்ட வேண்டும். இது 13 காட்டியது. 16 ஓம். என் அம்ப்பின் ட்ரான்ஸ்ஃபோமர் கையால் சுற்றியது; 8க்கு மட்டும்தான் வயர் எடுத்திருந்தது. சில அம்ப்புகள் அதைப் பொறுத்துக்கொள்ளும். இருபத்தைந்து வருடக் கையால் சுற்றிய கம்பியை வைத்துச் சோதிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பச்சை மூடியைத் திரும்பக் கொடுத்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

மூன்றாவது அதே கடையில், ஜப்பானிலிருந்து கொள்கலனில் வந்த உடைந்த அம்ப் ஒன்றுக்குள் இருந்தது. எமினன்ஸ். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் அதே பெயருள்ள சின்ன ஊரில் 1966இலிருந்து ஸ்பீக்கர் செய்கிறவர்கள். காந்தத்தின் முதுகில் தூசி. மீட்டர் ஆறரை காட்டியது. இரண்டு கைப் பெருவிரலாலும் கூம்பைச் சமமாக, மெதுவாக அமுக்கிக் காதை வைத்துக் கேட்டேன், கொயில் உரசவில்லை. பட்டரியை ஒரு விநாடி தொட்டேன். கூம்பு முன்னால் துள்ளியது. கூம்பில் வட்ட வரிகள். விளிம்பைத் தொட்டேன். விரலில் கறுப்பு ஒட்டியது.

கடைக்காரரின் அம்ப்பில் கட்டி, வேறெதுவும் வாசிக்காமல், பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று திரும்பத் திரும்ப அரை மணி நேரம் வாசித்தேன். பாட்டு ஒன்றும் வாசிக்க மாட்டாயா என்று அவர் கேட்டார். மாமாவின் ஸ்பீக்கர் மாதிரி அது இல்லை. அந்தக் குரலில் இருந்த கரகரப்பு இதில் இல்லை; கொஞ்சம் விறைப்பாக, நேராகப் பேசியது. அதை ஏற்றுக்கொள்ளத்தான் அந்த அரை மணி நேரம் போயிருக்க வேண்டும்.

மாட்டும்போது பாஸ் பக்கத்தில் இருந்தார். எட்டு ஆணியையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கச் சொன்னார். ஒரு பக்கம் முதலில் இறுக்கினால் சட்டம் முறுகிக் கொயில் உரசும். பழைய ஸ்பீக்கரைத் துணியில் சுற்றி என் கையில் தந்தார். கூலி வாங்கவில்லை. திருவிழாவுக்கு வாங்க பாஸ் என்றேன், வந்தார்.

திருவிழா அன்று பின்னேரம் மேடையில் வயர் கட்டிக்கொண்டிருந்தபோது, கோயில் வளைவுக்கு வெளியே தப்புக்காரர்கள் வந்து இறங்கினார்கள். காலையிலிருந்து தூறல். அவர்கள் நிற்க வேண்டிய இடத்துக்குக் கூரை இல்லை. மேடைக்கு மட்டும் தகரம் போட்டிருந்தார்கள். நான் இறங்கிப் போய், ஒரு தடவை வந்து கேட்டுச் சொல்லுங்க தாத்தா என்றேன். அவர் வளைவைப் பார்த்தார். “நான் இங்கேயே நிக்கிறேன் தம்பி.” வற்புறுத்தினேன். அவர் அசையவில்லை. எனக்காக அசைந்து, பிறகு யாராவது அவரிடம் ஒரு சொல் சொன்னால் அதை நான் தாங்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

ட்ரம் அடிக்கிறவனும் நானும் பெட்டியைத் தூக்கினோம். கமிட்டியில் ஒருவர் எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று சத்தம் போட்டார். பாஸ் எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருள் பிரித்துக்கொண்டே பின்னால் வந்தார். வளைவுக்கு வெளியே, தூறல் விட்ட நேரம் பார்த்து, ஒரு பலகைமேல் பெட்டியை வைத்தோம். வால்வு சூடாகட்டும் என்று காத்திருந்தோம். தப்புக்காரர்கள் தீ மூட்டியிருந்தார்கள்.

பத்து. பதினொன்று. பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் அது தானாக ஓயும்வரை நிற்கவிட்டேன்.

தாத்தா தரையைப் பார்த்தபடி தலையைச் சாய்த்துக் கேட்டார். “இன்னொருக்கா.”

வாசித்தேன். பன்னிரண்டில் தந்தியை வளைத்தும் காட்டினேன். குனிந்து, திறந்த முதுகு வழியாக விரலை விட்டுப் புது விளிம்பைத் தொட்டார். விரலில் ஒட்டிய கறுப்பை வேட்டியில் துடைத்தார்.

“ஒருத்தன்தான்.”

பிறகு தப்பைக் கையில் எடுத்தார். “பொட்டிய அந்தப் பக்கம் தள்ளு தம்பி, தீக்குக் கிட்ட வேணாம்” என்று சொல்லிவிட்டு, வளையத்தைத் தீக்கு மேலே பிடித்து மெதுவாகத் திருப்பத் தொடங்கினார்.